நாடி உரைத்த செய்தி

பேசாதிருந்து வளரும் நோய்கள் சில உண்டு. வலியில்லை, காய்ச்சலில்லை, உண்பதும் உறங்குவதும் வழக்கம்போல் நடக்கும். அத்தகைய நோயொன்று எமக்கு நேர்ந்தது. அது தன் வாயாற் பேசாது நாடியின் வாயாற் பேசிற்று. அவ்வரலாறு மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

சென்ற ஆண்டுப் பங்குனித் திங்களில் இருமுறை மயங்கி வீழ்ந்தோம். சுற்றியிருந்தோர் வெயிலென்றனர்; பித்தமென்றனர்; சிலர் பசியென்றனர். வைத்தியரோ ஒன்றும் கூறாது, எமது மணிக்கட்டைப் பற்றி ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினார். துடிப்பு 38. ஈ.சி.ஜி. எடுத்தபொழுது, இருதயத்தின் மேலறைகள் ஒரு தாளத்திலும் கீழறைகள் வேறொரு தாளத்திலும் தனித்தனியே துடிப்பது தெரிந்தது. மேலிருந்து கீழே செல்லவேண்டிய மின்செய்தி இடைவழியில் தடைப்பட்டதே காரணம். முதுமையில் இவ்வழி பழுதுபடுதல் உண்டு. எமக்கோ வயது 44. ஆதலின் வைத்தியர் அவ்வளவில் அமையாது, ஒலியலைகளால் இருதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ பரிசோதனையும் செய்வித்தார். பெருந்தமனியின் வால்வருகே ஒரு புடைப்பு வெடியாது நின்றது.

அதன் இயல்பை அவர் விளக்கியவாறே உரைப்போம். இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வாயிலில் மூன்று இதழ் கொண்ட வால்வு உளது. ஒவ்வோர் இதழின் பின்னும் தமனிச்சுவர் சிறு பைபோலக் குழிந்திருக்கும். இத்தாலி தேசத்து உடற்கூற்று அறிஞர் வல்சால்வா (1666–1723) என்பாரின் பெயரால் இப்பைகள் வழங்குகின்றன. பிறவியிலேயே ஒரு பையின் சுவர் மெலிந்திருப்பின், குருதியின் அழுத்தத்தால் அது நாளடைவிற் புடைக்கும். வலப்பையிலேயே இது மிகுதியாக நிகழும். கீழறைகளிரண்டையும் பிரிக்கும் சுவர் அப்பையை அடுத்துள்ளது. 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டறிந்த, மின்செய்தியைக் கொண்டுசெல்லும் நார்க்கற்றை அச்சுவரின் மேற்பகுதி வழியே செல்கின்றது. புடைப்பு அச்சுவருக்குள் நுழைந்து அக்கற்றையை நெருக்கினமையாலேயே எமது நாடி தளர்ந்தது. வெடித்திருப்பின் குருதி தகாத அறையிற் பாய்ந்து, மூச்சுத் திணறலும் இருதயச் சோர்வும் விளைந்திருக்கும். எனவே எம்மை வீழ்த்திய மயக்கமே எம்மை எச்சரித்த தூதும் ஆயிற்று.

சத்திர வைத்தியர் பையின் வாயை அடைத்துத் தைப்பதாகக் கூறினார். ‘தாளம் மீளுமென்று உறுதி சொல்ல இயலாது’ என்பதையும் மறைத்தாரில்லை. எமது தங்கை, ‘அண்ணா, இயலாததை இயலாதென்று சொல்பவரையே நம்பலாம்’ என்றாள். அச்சொல் எம்மைத் தேற்றிற்று. புடைப்பு அடைபட்டது, தாளம் மீளவில்லை. ஆதலின் காறையெலும்பின் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் என்னுஞ் சிறு கருவியைப் பொருத்தினர். 1958-இல் சுவீடன் தேசத்தில் முதன்முதலாக ஒரு மனிதரின் உடலுக்குள் வைக்கப்பட்ட கருவியின் வழிவந்தது இது. இப்பொழுது மாடிப்படி ஏறுகின்றோம். மாணவர்க்குப் பாடஞ் சொல்கின்றோம்.

முதலிலேயே பேஸ்மேக்கரை மட்டும் வைத்திருந்தால் நாடி செம்மையாகியிருக்கும்; புடைப்போ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். தாளம் கெட்டவிடத்து, அதனைக் கெடுத்தது யாதெனத் தேடுதலே அறிவுடைமை. இளைஞர்காள், ஓய்ந்திருக்கையில் நாடி நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை துடித்தல் இயல்பு. நன்கு பயின்ற ஓட்டக்காரர்க்குச் சற்றுக் குறையலாம். காரணமின்றி மயங்கி வீழ்ந்தாரைக் காணின், தண்ணீர் தெளித்து எழுப்பியதோடு நில்லாமல், அவர் நாடியை எண்ணி, வைத்தியரிடம் அழைத்துச் செல்வீராக.