விரல் கற்கும் பூட்டு

பூட்டுத் திறக்கப் பழகுகிறேன் என்றால், "களவுக்கு ஒத்திகையோ?" எனக் கேட்போர் உளர். 1851-ல், 200 கினி பரிசு அறிவித்து, திறக்கவொண்ணாதென இலண்டன் இறுமாந்திருந்த பிராமா பூட்டை, 51 மணி நேரம் போராடித் திறந்தாரே ஆல்பிரட் ஹாப்ஸ் எனும் அமெரிக்கர், அவர் களவாடவா வந்தார்? குறை வெளிப்பட்டது, பூட்டுச் செய்வோர் விழித்தனர்!

சரி, பழக எந்தப் பூட்டு? உள்ளிருப்பது தெரியும் பளிங்குப் பூட்டைக் காட்டி மயக்குவர், தோழர்களே! அமைப்பு விளங்க ஒருமுறை பாருங்கள், போதும். கண் பார்க்கும்வரை விரல் கற்காது. நான் விரும்புவது, முளைகளைக் கழற்றி மாற்றத்தக்க பித்தளைப் பூட்டு. முதலில் ஒரே முளை. அது அமரும் மெல்லிய துடிப்பை விரல் உணர்ந்தபின் இரண்டு, பிறகு மூன்று, நாள் பல சென்றபின் ஐந்து. முளைகள் ஏறத்தாழ ஒரே உயரமாயிருத்தல் நலம். நெட்டைக்குப் பின்னே குட்டை ஒளிந்தால் கருவி எட்டாது. அமர்ந்ததுபோல் நடித்து ஏய்க்கும் இடைசிறுத்த முளைகள், அவை பின்னர் வரட்டும்!

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எடுக்கலாமே என்பீர். லீவர் தகடுகளால் இயங்கும் அதற்குக் கருவியும் வேறு, பயிற்சியும் வேறு.

பிறர் பூட்டை உரியவர் இசைவின்றித் தொடற்க. உமது வாயிற்பூட்டும் வேண்டாம். கருவி முறிந்து உள்ளே சிக்கினால் அன்றிரவு திண்ணைதான்.