அப்பாவுக்கு ஒரு கைப்பேசி: ஷென்சென் சந்தையில் ஒரு நாள்

தெலுக் இந்தானில் இருக்கும் என் அப்பாவுக்குப் பழைய பட்டன் கைப்பேசிதான் வானொலி. காலை ஐந்தரைக்கு எழுந்ததும் இயர்போனைச் செருகி, அதன் வயரை சன்னல் கம்பியில் சுற்றிவிடுவார். காதில் மாட்ட மாட்டார். அந்த வயர்தான் எஃப்எம் அலையைப் பிடிக்கும் ஏரியல். ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், கோப்பி கலக்குவார்.

கடந்த ஆண்டு அந்தக் கைப்பேசி பழுதாகிவிட்டது. நான் விவேகக் கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்து, வானொலி கேட்கும் செயலியையும் இறக்கி வைத்தேன். அதில் எஃப்எம் கிடையாது. இயர்போன் செருகும் துளைகூட இல்லை. "இதுல கேட்டா டேட்டா போகுமாம்மா?" என்று கேட்டார். "கொஞ்சம் போகும்ப்பா" என்றேன். இரண்டே வாரத்தில் அது அலமாரிக்குள் போய்விட்டது. வானொலியில் பேசும் மகளின் குரல், சொந்த வீட்டிலேயே கேட்காமல் போனது.

அந்த உறுத்தலோடுதான், ஹாங்காங்கிற்குப் போனபோது ஒரு நாளை ஷென்செனுக்கு ஒதுக்கினேன். 2023 டிசம்பர் முதல் மலேசியர்களுக்குச் சீனாவில் விசா தேவையில்லை என்பதால் போவது சுலபம். லோவூ எல்லையைத் தாண்டி மெட்ரோ முதல் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹுவாசியாங் சாலை. படியேறி வெளியே வந்தால், உலகமெங்கும் மின்னணு வியாபாரிகள் அறிந்த ஹுவாசியாங்பெய் தெரு.

1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர் ஷென்சென். இந்தத் தெரு முதலில் தொழிற்சாலைப் பகுதி. இன்று இதன் அடையாளம் 70 மாடிகளுக்கு மேல் உயர்ந்து நிற்கும் எஸ்இஜி பிளாசா கோபுரம். அதன் கீழ்த்தளங்களில் கால் வைத்ததும் முதலில் வந்து மோதியது ஒரு சத்தம்: பெட்டிகளை ஒட்டும் டேப்பை 'சர்ர்ர்' என்று இழுக்கும் சத்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் எந்த நாட்டுக்கோ சரக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடி மேசை, அவ்வளவுதான். ஒருவரிடம் கேமரா மட்டும், அடுத்தவரிடம் பேட்டரி மட்டும், அதற்கடுத்தவரிடம் திருகாணி மட்டும். நம் மளிகைக் கடையில் மிளகும் சீரகமும் தனித்தனி டப்பாவில் இருப்பதுபோல, ஒரு கைப்பேசியின் உறுப்பெல்லாம் இங்கே பிரிந்து கிடக்கிறது.

2000களின் நடுவில் தைவானின் மீடியாடெக் நிறுவனம், சிப்போடு கைப்பேசிக்கு வேண்டிய மென்பொருளையும் சேர்த்தே கொடுக்கத் தொடங்கியது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாதவர்களும் கைப்பேசி செய்ய முடிந்தது. 'ஷான்சாய்' என்று அழைக்கப்பட்ட அந்தக் கைப்பேசிகள் இந்தச் சந்தையில் குவிந்தன. பல, பெரிய நிறுவனங்களின் நகல்கள். ஆனால் இரண்டு சிம், பெரிய ஸ்பீக்கர் என்று புதிதாக முயன்றவர்களும் இருந்தார்கள். அந்த அலை ஓய்ந்துவிட்டது. கைப்பேசி விற்ற சில மாடிகளில் பின்னர் உதட்டுச்சாயம் விற்கத் தொடங்கினார்கள்.

இதே ஊரிலிருந்து வேறு வழியில் நடந்த நிறுவனம் டிரான்ஷன். டெக்னோ, ஐடெல், இன்பினிக்ஸ் எல்லாம் அதன் பெயர்கள்தான். நம் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். 2006இல் தொடங்கிய இந்த நிறுவனம், சீனச் சந்தையில் மற்றவர்களோடு முட்டி மோதாமல் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே ஒரு தொலைபேசி நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அழைத்தால் கட்டணம் கூடுதல்; மக்கள் இரண்டு மூன்று சிம் வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு சிம் போடும் கைப்பேசி. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களுக்கு நாள்கணக்கில் தாங்கும் பேட்டரி. கருத்த முகம் படத்தில் இருட்டாக விழுகிறது என்றதும், கண்ணையும் பல்லையும் வைத்து முகத்தைக் கண்டுபிடித்து வெளிச்சத்தைக் கூட்டும் கேமரா. நம் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2019இல் அந்த நிறுவனம் ஷாங்காய் பங்குச் சந்தையில் ஏறியது.

தொழில் நடத்தும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சிப்பும் திரையும் பேட்டரியும் எல்லாருக்கும் கிடைக்கின்றன. வாங்குபவர் வீட்டில் மின்சாரம் எப்போது போகும் என்ற தகவல் மட்டும் எந்த மேசையிலும் விற்பனைக்கு இல்லை. அதைத் தேடித்தான் போக வேண்டும்.

நான் தேடிப் போகவில்லை என்பது ஒரு மேசையின் முன்னால்தான் புரிந்தது. ஏற்றுமதிக் கைப்பேசிகள் விற்கும் இளம்பெண் அவர். மொழிபெயர்ப்புச் செயலியில் என்னைக் கேட்டார்: "யாருக்கு? வயது என்ன? காது நன்றாகக் கேட்குமா? எங்கே வைத்துக் கேட்பார்?" அப்பாவுக்குக் கைப்பேசி வாங்கியபோது இதில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்டதில்லை. விலையையும் கேமராவையும் பார்த்து வாங்கினேன்.

சன்னல், வயர் கதையைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். பெரிய பட்டன் கைப்பேசி ஒன்றை எடுத்து, கட்டடத்துக்குள் அலை கிடைக்காது என்று வாசல்வரை வந்து வானொலியைப் போட்டுக் காட்டினார். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், 4ஜி உண்டா என்று நான் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டேன். விலை 90 யுவான், ஏறக்குறைய 55 ரிங்கிட். முன்பு வாங்கிக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது தெலுக் இந்தான் வீட்டு சன்னலில் மறுபடியும் வயர் சுற்றியிருக்கிறது. போன வாரம் நிகழ்ச்சி முடிந்து நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பாவின் அழைப்பு.

"ஏழு மணிச் செய்திக்கு முன்னால ரொம்ப வேகமாப் பேசுறம்மா. பாதி புரியல."

இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.