எழுதும் கைக்கும் ஒரு பிடி சோறு

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? நேற்றுப் பகல் நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? பீங்கானில் என்ன இருந்தது? பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். உங்களுடையதைக் கேட்டால் சற்று யோசிப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

பாடசாலைக் காலத்திலிருந்தே சிறுகதை எழுதுவது என் பழக்கம். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அதை விட்டுவிட மனம் வரவில்லை. எல்லோரும் உறங்கிய பின் குசினி மேசையில் கொப்பியை விரிப்பேன். பக்கத்தில் சீனி கூடிய பிளேன்டீ. பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றரைக்கு இன்னொன்று. எழுதுகிறவர்கள் இப்படித்தான் கண்விழிக்க வேண்டும் என்ற வீண் பெருமையும் உள்ளுக்குள் இருந்தது.

2022 வந்தது. அந்த வருடத்தை உங்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. விறகடுப்பில் ஆக்கியதை முதலில் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், பிறகு அவருக்கும் மாமிக்கும். சட்டியில் ஒட்டிய ஆணத்தில் சோற்றைப் போட்டுப் பிரட்டினால் அது எனக்கு. யாரும் என்னைப் பட்டினி போடவில்லை. நானேதான் போட்டுக்கொண்டேன்.

அப்போது என் உம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். தையல் மெஷினை மிதித்தே எங்களைப் படிக்க வைத்தவர். ஏழாம் பக்கத்தில் கதை நின்றுவிட்டது. உம்மா சாப்பிட உட்காரும் ஒரு காட்சி வேண்டும். அவருக்கு என்ன ஆணம் விருப்பம் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. வபாத்தாகிவிட்டவரிடம் போய்க் கேட்க முடியுமா?

அதற்குப் பிறகு பேனை ஓடவில்லை. எழுதிய வரியையே நாலு தரம் வாசிப்பேன், மண்டையில் ஏறாது. எழுத்து என்னை விட்டுப் போய்விட்டது என்று அழுதும் இருக்கிறேன். ஒரு நாள் துணி காயப் போடும்போது கண் இருட்டி விழுந்த பிறகுதான் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் குருதிச்சோகை என்றார் டொக்டர். “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று அவர் கேட்டார். நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஒப்புவித்தேன். “நான் உங்களைத்தான் கேட்டேன்” என்றார்.

இரும்புச் சத்து மாத்திரை தந்தார். அதை ஒழுங்காகக் குடித்தேன். சாப்பாட்டால் மட்டும் குணமாகிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். சாப்பாட்டோடும் அதன் பின்னாலேயும் தேநீர் குடிப்பது இரும்புச் சத்து உடம்பில் சேருவதைக் குறைக்கும் என்று அவர் சொன்னபோதுதான் திடுக்கிட்டேன். எத்தனை வருட பிளேன்டீ! இப்போது சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத்தான் தேநீர். கீரையிலும் பருப்பிலும் தேசிக்காய் பிழிந்துகொள்கிறேன், அதன் புளி இரும்புச் சத்து சேர உதவும். காசு இருக்கும் மாதத்தில் மாட்டீரல் இரண்டு தரம், இல்லாத மாதத்தில் நெத்தலியும் கௌபியும்.

எழுதும் நேரத்தையும் மாற்றினேன். இரவில் சீக்கிரம் படுத்து, சுபஹுத் தொழுத பிறகு முக்கால் மணித்தியாலம். வெறும் வயிற்றோடு உட்காருவதில்லை. முதல் நாள் அவித்து வைத்த கௌபி ஒரு பிடி, ஒரு வாழைப்பழம், ஒரு கிளாஸ் தண்ணீர். அவ்வளவுதான். பகலிலும் ஒரு மலை வெள்ளைச் சோற்றைத் தின்றுவிட்டு, பின்னேரம் திருத்தி எழுத உட்கார்ந்தால் கண் சொக்கும். சிவப்பரிசிச் சோற்றைக் குறைத்து, கறிகளைக் கூட்டினேன். குரக்கன் பிட்டும் செய்து பார்த்தேன், பிள்ளைகள் அதைக் கோழிக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய உதவி அந்தக் கிழமைத் திட்டம்தான். வெள்ளிக்கிழமை இரவு, மகனின் பழைய கொப்பியில் ஏழு நாளுக்கும் என்ன ஆணம் என்று எழுதிவிடுவேன். எந்த இரவு கடலை ஊறப்போடுவது, எந்த நாள் மீன்காரர் வருவார், எல்லாம் அதில் இருக்கும். பத்து நிமிடம்தான் செல்லும். முன்பெல்லாம் கதையில் ஒருத்தி வாசலைத் திறக்கும்போதே, “இன்றைக்கு என்ன ஆணம்?” என்ற கேள்வியும் அவளோடு உள்ளே நுழைந்துவிடும். இப்போது அது கொப்பியில் கிடக்கிறது. நோன்பு மாதத்தில் மட்டும் இந்தத் திட்டம் தலைகீழாகிவிடும். போன நோன்பில் இருபது நாள் ஒரு வரி எழுதவில்லை. கவலைப்படவுமில்லை.

கஷ்டமாக இருந்தது வேறொன்று. பரிமாறுவதற்கு முன் என் பங்கு மீனை எடுத்து மூடி வைக்கத் தொடங்கினேன். அதைச் செய்ய முதல் நாள் என் கை கூசியது. மாமி கண்டுவிட்டார். “ஊட்டு ஆக்கள் திங்க முந்தி ஒனக்கு எடுத்து வெச்சிக்கிறியா மகள்?” என்றார். வெட்கமாகிப் போனது. மூடியைத் திறந்து சட்டியிலேயே திரும்பப் போட்டேன். அடுத்த நாள் சோதனை அறிக்கையை அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் மறுபடி எடுத்து மூடி வைத்தேன்.

ஒரு கிழமை கழிந்திருக்கும். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தானாகவே பேசினார். என் உம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள். “ஒங்கும்மாவும் இப்பிடித்தான். எல்லாருக்கும் குடுத்துட்டு சட்டிய வழிச்சிட்டு எழும்புவா. சுடச்சுட பிட்டும் மாசிச் சம்பலும்டா அவவுக்கு உசிரு. ஒரு நாளும் வயிறு நிறையத் திண்டத நான் காணல்ல.”

எட்டாம் பக்கத்தை மறுநாள் காலை அந்தப் பிட்டிலிருந்து தொடங்கினேன்.