செவப்பு எரியுது தம்பி

சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின இரவு. துபாயில், ஏசி அறைக்குள் உட்கார்ந்து அழகர் வருவதை நேரலையில் பார்க்கிறேன். மதுரை தல்லாகுளத்தை மேலிருந்து காட்டுகிறது ட்ரோன். செம்பு நிறையச் சர்க்கரை போட்டு, வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றி நிற்கிறார்களே, அந்தச் சுடர்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிகின்றன. சூடத்தின் வாசம் வரவில்லை.

2005 வாக்கில் அந்தக் கூட்டத்துக்குள் நானும் இருந்தேன். ஆள் ஒருவன், கேமரா இரண்டு. ஒன்றை டீக்கடை மாடிப்படியில், தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி ஸ்டாண்டு போட்டு நிறுத்துவேன். மற்றதைத் தோளில் ஏந்திக்கொண்டு அழகரை எதிர்கொள்ளப் போவேன். மினி டிவி (MiniDV) டேப் 60 நிமிடம்தான் ஓடும். அதற்குள், வியர்வையிலும் விபூதியிலும் நனைந்த அத்தனை தோள்களையும் விலக்கிக்கொண்டு திரும்பி வந்து டேப்பை மாற்றியாக வேண்டும். சனியன் என்று அதைத் திட்டியிருக்கிறேன். இப்போது ஒரு கார்டு பாதி நாள் ஓடுகிறது. யாரும் என்னைத் திரும்பி வரச் சொல்வதில்லை.

அப்போது சொல்ல ஒருவர் இருந்தார். டீக்கடை அண்ணன். பதிவாகும்போது கேமராவின் முகப்பில் எரியும் சின்னச் சிவப்பு விளக்குதான் அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு. மூச்சிரைக்க ஓடி வந்தால், டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “செவப்பு எரியுது தம்பி. நீ எதுக்கு ஓடியார? குடிச்சிட்டுப் போ.”

ஊர் அடங்கிய பிறகு எடிட்டிங். என் பக்கத்தில் வெடித்த வாணத்தின் வெளிச்சம் இரண்டு கேமராவிலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும். அதை வைத்து இரண்டு படத்தையும் பொருத்துவேன். சத்தம் மட்டும் டீக்கடைக் கேமராவில் பிந்திக் கேட்கும். 25 ஃபிரேம் பிந்தினால் ஒரு விநாடி. ஒரு விநாடி என்றால் ஏறக்குறைய 340 மீட்டர். அண்ணனை விட்டு அன்றைக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று அந்தச் சத்தம் சொல்லிவிடும். இன்று ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் தானே பொருந்திக்கொள்கிறது. தூரம்தான் தெரிவதில்லை.

நான் இல்லாத அந்த ஒரு மணி நேரம் முழுக்க அந்த டேப்பில் இருக்கும். பாய்லர் சீறுவது, கிளாஸ் உரசுவது, நடுவே அண்ணன் குரல்: “தள்ளி நில்லுங்கப்பா, தம்பி படம் ஓடுது.” அந்தச் சத்தத்தை அப்படியே அமுக்கிவிட்டு நாதஸ்வரம் போடுவேன். அதுதான் வழக்கம். டேப் விலை கட்டுபடியாகாது. அதன் மேலேயே அடுத்த வாரம் ஒரு காதுகுத்து பதிவாகியிருக்கும்.

அண்ணன் இறந்த சேதி இங்கே போனில் வந்தது. ஊருக்குப் போனபோது மிச்சமிருந்த டேப்புகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். அழகர் இருக்கிறார். குதிரை இருக்கிறது. முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் காதுகுத்து இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய டேப் கிடக்கலாம். பூஞ்சை பிடிக்கும் முன்னே எடுத்து ஓட்டுங்கள். படம் சுமாராகத்தான் இருக்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.