கோட்டுக்கு வெளியே நின்றவர்

ஓட்டப்பந்தயம் முடிந்தவுடன் முடிவுப் பலகையில் ஓடியவரின் பெயரும், நாட்டின் பெயரும், ஓடிய நேரமும் ஒளிரும். அவருக்கு ஓடக் கற்பித்தவரின் பெயருக்கு அப்பலகையில் இடமில்லை. பெயர் எழுதப்படாத அப்பணியையே வாழ்நாள் பணியாக ஏற்றுச் சிறந்தவர் பயிற்றுநர் ஓ. எம். நம்பியார்.

கேரள மாநிலம் வடகரைக்கு அருகிலுள்ள மணியூர் அவருடைய ஊர். இளமையில் அவரும் ஓட்டக்காரரே. இந்திய விமானப் படையில் பணியாற்றியபோது பல போட்டிகளில் ஓடினார். ஆயினும், நாட்டின் சார்பில் வெளிநாட்டில் ஓடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கிட்டாததை எண்ணி அவர் சோர்ந்துவிடவில்லை. பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் கல்வி பெற்று, கேரளத்தின் இளைய தலைமுறைக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார்.

1976ஆம் ஆண்டில் கண்ணூரில் மாணவியருக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே பயில வந்தவர்களுள் ஒருவர் பய்யோலியைச் சேர்ந்த பி. டி. உஷா. அப்போது அவருக்கு வயது 12. மெலிந்த உடல், ஆனால் விரைந்த நடை. பிறர் கண்ணுக்கு மெலிவு தெரிந்திருக்கும். நம்பியாரின் கண்ணுக்கு நடை தெரிந்தது. ஓடுபவரின் ஓட்டத்தை யாவரும் காண்பர். நடப்பவரிடம் ஓட்டத்தைக் காண்பதற்குத் தேர்ந்த கண் வேண்டும்.

இன்றைய செயற்கை ஓடுதளங்கள் அந்நாளில் எளிதில் கிடைப்பனவாக இல்லை. எனவே பய்யோலிக் கடற்கரையும் பயிற்சிக் களமாயிற்று. அந்தமான் தீவுகளில் வாழும் மாணவர்களுக்கு மணலில் ஓடுவதன் அருமை சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வைக்கும் கால் புதையும். அதை எடுக்க இருமடங்கு முயற்சி வேண்டும். அம்முயற்சியே காலுக்கு உரமாகிறது.

1982ஆம் ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டில் உஷா 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இதுவே உஷாவுக்கு உரிய களம் என்று நம்பியார் துணிந்தார். அவ்வோட்டத்தில் 10 தடைகள் உண்டு. இரு தடைகளுக்கு இடையே 35 மீட்டர். அடிகளை எண்ணி வைத்து ஓட வேண்டும். ஓரடி பிசகினாலும் ஒழுங்கு குலைந்துவிடும். பழகிய ஓட்டத்தை விட்டுப் புதிய ஓட்டத்திற்கு மாணவியை அழைத்துச் செல்வது பயிற்றுநருக்கும் பெருஞ்சோதனையே.

ஆகஸ்டு 8 அன்று இறுதிப் போட்டி நடைபெற்றது. ருமேனியாவின் கொஜொகாரு 55.41 நொடிகளில் ஓடி மூன்றாம் இடம் பெற்றார். உஷாவின் நேரம் 55.42. நூற்றில் ஒரு நொடியில் வெண்கலம் கைநழுவியது. முடிவுக் கோட்டை ஓடுபவரின் உடற்பகுதி எட்டும் கணமே கணக்கில் கொள்ளப்படும். நெஞ்சை உரிய கணத்தில் முன்தள்ளியிருந்தால் பதக்கம் கிடைத்திருக்கலாம் என்று பலரும் பேசினர். கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்றுநரால் அந்தக் கணத்தில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அவருடைய பணி அதற்கு முன்பும் பின்பும் இருந்தது.

அவர் பயிற்சியைத் தொடர்ந்தார். 1985ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா பெற்ற தங்கங்கள் ஐந்து. அவற்றுள் நான்கில் உஷாவின் பங்கு இருந்தது. துரோணாச்சாரியார் விருது 1985ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர். பத்மஸ்ரீ விருது 2021ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 19 அன்று அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னும் அவருடைய உழைப்பு தொடர்ந்து பேசியது. தோல்வியின் அடையாளமாகத் தோன்றிய 55.42 என்னும் நேரம், இந்தியாவின் தேசியச் சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடிகளில் ஓடி அதனைச் சமன் செய்தார். உஷாவும் பின்னாளில் தடகளப் பள்ளி ஒன்றை நிறுவிப் பயிற்றுநரானார். அவரிடம் பயின்ற டிண்டு லூக்கா, 2015ஆம் ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். குருவிடம் பெற்ற கண், மாணவியிடமும் விழித்திருந்தது.

இத்தீவுகளிலிருந்தும் வீரர்கள் எழுந்துள்ளனர். நிக்கோபாரின் எசோ ஆல்பென் 2018ஆம் ஆண்டு இளையோர் உலக மிதிவண்டிப் போட்டியில் வெள்ளி வென்றார். அத்தகைய வெற்றிகளுக்குப் பின்னால் எங்கோ ஒரு மைதானத்தின் ஓரத்தில், ஊதுகுழலும் நேரங்காட்டியும் ஏந்தி ஒருவர் வெயிலில் நின்றிருப்பார். வென்றவரை வாழ்த்தும்போது, அவர் நின்ற பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று.