அருங்காட்சியகத்தில் ஒரு பாக்குவெட்டி

பணியிட மாற்றத்தால் கும்பகோணத்தை விட்டுப் புனே நகருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இங்கு வருவோர் பெரும்பாலும் முதலில் காணச் செல்வது பேஷ்வாக்களின் சனிவார் வாடாவைத்தான். அதன் மதில்களும் தில்லி வாயிலும் கம்பீரமானவை. ஆயினும் 1828ஆம் ஆண்டு ஏற்பட்ட பெருந்தீயில் உள்ளிருந்த மாளிகைகள் அழிந்துபோயின. அக்காலத்து மக்கள் எந்த விளக்கை ஏற்றினர், எந்தக் கலத்தில் உண்டனர் என்பதை வெறும் மதில்கள் சொல்வதில்லை. அதனை அறிய விரும்புவோர், சுக்ரவார் பேட்டையில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குச் செல்லவேண்டும்.

இப்பெயரில் உள்ள 'ராஜா' அரசர் அல்லர், ஒரு சிறுவன். தினகர் கேல்கர் (1896–1990) 'அஞ்ஞாதவாசி' என்னும் புனைபெயரில் மராத்தியில் கவிதை எழுதியவர். அவருடைய ஒரே மகன் ராஜா இளம் வயதிலேயே இறந்துபோனான். அவன் நினைவாகவே இதற்கு அப்பெயரைச் சூட்டினார். பல்லாண்டுகள் ஊர் ஊராக அலைந்து அவர் திரட்டிய பொருள்கள் ஏறத்தாழ 20,000. அவை அனைத்தையும் மகாராஷ்டிர அரசுக்கு அளித்துவிட்டார். பாஜிராவ் கட்டிய மஸ்தானி மகாலின் பகுதிகளும் இங்கே மீண்டும் பொருத்தி அமைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் கூட்டம் அங்கேதான் மிகுதி. எனக்கோ விளக்குகளும் பூட்டுகளும் சமையற் கலங்களும் பாக்குவெட்டிகளும்தாம் பெரிதாகத் தோன்றின. செய்தவர் பெயர் தெரியாத பொருள்கள் அவை.

சென்ற ஆண்டு தமிழ் பயிலும் மாணவர் எண்மரை அங்கு அழைத்துச் சென்றேன். பறவை வடிவிலும் மனித வடிவிலும் அமைந்த பித்தளைப் பாக்குவெட்டிகளின் முன் நின்று, "இது என்ன?" என்று கேட்டேன். "அடகித்தா!" என்று இருவர் உடனே கூறினர். மராத்தி நண்பர் வீடுகளில் பார்த்திருக்கின்றனர். தமிழில் என்ன பெயர் என்றேன். எண்மரும் அமைதியாயினர்.

என் அப்பாயியின் வெற்றிலைச் செல்லம் நினைவுக்கு வந்தது. அதனுள் பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், பல் போனபின் வாங்கிய சிறிய இடியுரல் ஆகியவை இருக்கும். அவர் மறைந்த மறு ஆண்டு, தெருவில் கூவி வந்த பழைய பாத்திர வணிகரிடம் அவற்றைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கினர் வீட்டார். எனக்கு அப்போது பத்து வயது. பழம் இனிப்பாகவே இருந்தது.

'அடகித்தா' என்ற சொல்லும் நமக்கு அயலன்று. பாக்கைத் தமிழில் அடைக்காய் என்பர். கன்னடத்தில் அடிகெ என்பர். அவ்வழியே மராத்திக்குச் சென்ற சொல் அது. ஆங்கிலேயர் பாக்குக்கு வழங்கும் 'அரிக்கா' என்னும் பெயரும் மலையாள அடைக்காயிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றதே. சொற்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்துள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் போன்சலே மரபின் வரலாற்றை இரண்டாம் சரபோஜி 1803இல் மராத்தியில் பொறிக்கச் செய்தார். புனேவிலிருந்து தஞ்சைக்குச் செல்பவர் அதன்முன் நின்று தம் மொழியை எழுத்துக்கூட்டிப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மாணவர்க்கு ஒரு பணி கொடுத்தேன். அருங்காட்சியகத்தில் தாம் வரைந்த பொருள்களின் படங்களை ஊரிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ காட்டி, அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிவர வேண்டும். ஒரு மாணவன் வீட்டில் கேட்பதற்கு முதியவர் எவரும் இல்லை. அவன் எதிர்வீட்டு மராத்தி மூதாட்டியிடம் கேட்டு வந்தான். அதுவும் நல்லதே என்று ஏற்றுக்கொண்டேன். தென்காசியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, "பாட்டி ஒரு மணி நேரம் பேசினார்கள் ஐயா. இதுவரை என்னிடம் 'சாப்பிட்டாயா' என்பதற்கு மேல் பேசியதே இல்லை" என்றாள். அவள் ஏட்டில் பதினொரு பெயர்கள் இருந்தன. அவற்றுள் மூன்று எனக்கே புதியவை.

வகுப்புச் சுவரில் அப்பெயர்களை எழுதித் தொங்கவிட்டுள்ளோம். நீண்ட மூக்குடைய ஒரு சிறு செம்புக் கலத்துக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அதன் படத்துக்கு எதிரே இடம் விட்டிருக்கிறோம். கோடை விடுமுறையில் மூவர் ஊருக்குச் செல்கின்றனர்.