பழுப்பு மாத்திரை

என் மகளின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் நிமிராது. தொழுநோயால் மடங்கியவை என்றுதான் மருத்துவக் குறிப்பில் இருக்கிறது. அது பாதி உண்மை. மீதியை எழுத வேண்டியவள் நான்.

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார் என்று பாடம் நடத்தியவள். முற்பிறவிப் பாவமல்ல, கிருமியால் வருவது, மருந்தில் குணமாவது என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னவள். அந்தப் பெயர் என் வீட்டுக்குள் வந்தபோது, நான் நடத்திய பாடத்தை நானே நம்பவில்லை.

அவள் முதுகிலும் தோளிலும் வெளிறிய படைகள் இருந்தன. தேமல் என்று விட்டுவைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தார். சில இடங்களில் அவளுக்குத் தெரியவில்லை. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்திருந்தது. காது மடலில் சிறு கீறல் போட்டு எடுத்த மாதிரியில் கிருமி இருந்தது.

மருந்து 12 மாதம். மாதத்துக்கு ஒருமுறை மூன்று மருந்துகளையும் அங்கேயே, அவர்கள் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் டாப்சோனும் குளோஃபாசிமினும். எல்லாம் இலவசம். காசில்லை என்று நான் சொல்ல முடியாது.

டாக்டர் முதல் நாளே சொன்னார்: “பழுப்பு மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும், டீச்சர். மருந்து முடிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சிடும். ஆனா முழங்கையில வலி வந்தாலோ, விரல் மரத்தாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.” தலையாட்டினேன்.

அவள் கறுத்தாள். அப்போது அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளின் சிவந்த நிறம் என் கர்வம். உறவுக்காரர்களிடம் அதைப் பேசியே வளர்த்தவள் நான்.

ஓர் இரவு அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளையும் பிதுக்கி எடுத்தேன். வெள்ளையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். பழுப்பை என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

“நிச்சயம் முடியற வரைக்கும் இது வேணாம்டி.”

“டாக்டர் ரெண்டையும்தானேம்மா போடச் சொன்னாங்க?”

“எனக்குத் தெரியாததா?”

தெரியும். ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். அதனால்தான் கூட்டாகக் கொடுக்கிறார்கள். பழுப்பு மாத்திரையான குளோஃபாசிமின் கிருமியோடு போராடுவதுடன், இந்த நோயில் திடீரென்று கிளம்பும் அழற்சியையும் அடக்கும். இதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

மறுமாதம் காலி அட்டையைக் காட்டினேன். “எல்லாம் போட்டாளா?” என்று கேட்டார்கள். “போட்டா” என்றேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. கைகளில் சிவந்த, தொட்டால் வலிக்கும் கட்டிகள் எழும்பின. முழங்கையிலிருந்து சுண்டு விரல் வரை இழுக்கிறது என்று அழுதாள். ‘அன்னைக்கே’ என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. பெண் பார்க்க வரும் நாளும் நெருங்கியிருந்தது. பாராசிட்டமால் கொடுத்தேன்.

அவள் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து சம்பாதித்தவள். “ஊசி நிக்க மாட்டேங்குதும்மா. விரல் மடங்குது” என்றாள். “வந்துட்டுப் போகட்டும், பார்ப்போம்” என்றேன். வந்தவர்கள் முன்னால் அவள் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி உட்காரச் சொன்னதும் நான்தான். அந்தச் சம்பந்தம் எப்படியும் கூடிவரவில்லை.

அதன் பிறகே அழைத்துப் போனேன். நரம்பு வீங்கிய உடனே ப்ரெட்னிசோலோன் தொடங்கினால் விரல்களைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். நாங்கள் போனபோது காலம் கடந்திருந்தது. டாக்டரிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மருந்தை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் இந்த ரியாக்‌ஷன் வந்திருக்கலாம் என்றார். அது எனக்காகச் சொன்ன ஆறுதல். அதற்குள் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். ரியாக்‌ஷன் வந்திருக்கலாம். வலியை மறைத்தது நோயல்ல.

மீதி மருந்தை அவளே கணக்கு வைத்துப் போட்டு முடித்தாள். என் கையிலிருந்து வாங்கவில்லை. டாக்டர் சொன்னபடியே நிறம் திரும்பியது. விரல்கள் திரும்பவில்லை. சூடான பாத்திரத்தை எடுத்துவிட்டு, கொப்புளத்தைப் பார்த்த பிறகே சுட்டது தெரிகிறது அவளுக்கு. தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. 1940-களின் இறுதியிலேயே வேலூரில் பால் பிராண்ட் அதைத் தொழுநோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். அதற்காகக் காத்திருக்கிறோம். விரல் நிமிரலாம். போன உணர்ச்சியை அது கொண்டுவராது.

அவள் இன்றுவரை என்னைத் திட்டவில்லை. அதை மன்னிப்பு என்று எழுதிக்கொள்ளும் உரிமை எனக்கில்லை.

பெற்றவள் பாசத்தில் தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருந்தார். மகளும் கேட்டாள். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில், அவள் கையை விடப் பெரிதாக அவள் நிறத்தை வைத்தேன்.